உங்களுக்குத் தெரியுமா? வேலையில் மனம் ஒட்டுவது எதனால்?

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு வேலையில அக்கறையே இல்ல." பட்டறை, ஜவுளிக்கடை, ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று எங்கே போனாலும் காதில் விழுகிற பேச்சு இது. அக்கறை என்பது ஆளோடு கூடப் பிறப்பது என்று நினைத்துக்கொண்டுதான் இப்படிப் பேசுகிறோம். நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தொழிற்கூடங்களிலும் அலுவலகங்களிலும் நடந்த சோதனைகளைப் பார்த்தால் அந்த நினைப்பு நிற்காது. ஆள் அவரேதான், வேலை அமைந்திருக்கும் விதம் மாறியதும் உழைப்பு மாறிவிடுகிறது. அப்படிச் சில சோதனைகளையும் சம்பவங்களையும் பார்ப்போமா?

100 இடத்துக்கு 370 பேர்

1913இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் அருகே ஹைலண்ட் பார்க்கில் இருந்த ஃபோர்டு கார் தொழிற்சாலையில் நகரும் அசெம்பிளி லைன் வந்தது. நாள் முழுக்க ஒரே திருகை முடுக்கும் வேலை. ஆட்கள் அலுத்துப்போய் வேலையை விட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். அந்த ஆண்டில் ஆள் மாறிய விகிதம் 370 சதவீதம். அதாவது, 100 இடங்களைக் காலியில்லாமல் வைத்திருக்க ஆண்டுக்கு 370 பேரை எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரி 5 அன்று ஹென்றி ஃபோர்டு நாள் கூலியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி 5 டாலர் என்று அறிவித்தார். வேலை நேரத்தை 9 மணியிலிருந்து 8 மணியாகக் குறைத்தார். 1915இல் அந்த விகிதம் 16 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. கூலி பெரிய விஷயமில்லை என்று யார் சொன்னாலும் இந்தக் கணக்கைக் காட்டலாம். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஆள் குடிக்கிறாரா, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறாரா என்று பார்க்க நிறுவனத்தின் ஆட்கள் வீடு தேடி வந்தார்கள். அவர்கள் திருப்தி அடைந்தால்தான் முழு 5 டாலர்.

ஸ்டாப்வாட்ச் வந்தது, வேலைநிறுத்தமும் வந்தது

வேலையைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொரு அசைவுக்கும் நேரம் குறித்தவர் ஃபிரெடரிக் டெய்லர். 1911இல் வெளிவந்த அவருடைய 'விஞ்ஞான நிர்வாகம்' பற்றிய நூல் உலகெங்கும் பரவியது. அதே 1911இல், மாசசூசெட்ஸில் இருந்த வாட்டர்டவுன் அரசு ஆயுதத் தொழிற்சாலையில் வார்ப்பு வேலை செய்தவர்கள் தங்கள் தலைக்கு மேல் ஸ்டாப்வாட்ச் பிடிப்பதை எதிர்த்து வேலையை நிறுத்தினார்கள். விவகாரம் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போனது. சில ஆண்டுகளில், அரசு ஆயுதக் கூடங்களில் ஸ்டாப்வாட்ச் வைத்து வேலையை அளக்கத் தடை வந்தது. டெய்லரின் முறையில் கூலி கூடத்தான் செய்தது. ஆனாலும் தங்களை இயந்திரமாக நடத்துவதை அந்தத் தொழிலாளிகள் ஏற்கவில்லை.

சென்னையில் மதியச் சாப்பாட்டு நேரம்

இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் எனப்படும் மெட்ராஸ் லேபர் யூனியன் 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கப்பட்டது. பி.பி.வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு ஆகியோர் அதன் முன்னோடிகள். பெரம்பூர் பி அண்ட் சி ஆலைத் தொழிலாளர்கள் முன்வைத்த முதல் குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு விட்ட அரை மணி நேரம் போதவில்லை என்பது. கூலி உயர்வோடு சேர்த்து, நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடும் நேரத்தையும் அவர்கள் உரிமையாகக் கேட்டார்கள்.

விளக்கைக் கூட்டினாலும் குறைத்தாலும்

சிகாகோவை ஒட்டிய சிசரோவில், தொலைபேசிக் கருவிகள் செய்த ஹாதோர்ன் தொழிற்சாலையில் 1924இல் ஒரு சோதனை தொடங்கியது. வெளிச்சம் கூடினால் உற்பத்தி கூடுமா என்று பார்ப்பது நோக்கம். வெளிச்சத்தைக் கூட்டியபோது உற்பத்தி உயர்ந்தது. குறைத்தபோதும் விழவில்லை! பிறகு 1927 முதல் ஒரு தனி அறையில் ரிலே பொருத்தும் ஐந்து பெண்களை ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். இடைவேளை தந்தார்கள், நேரத்தைக் குறைத்தார்கள், கருத்துக் கேட்டார்கள். உற்பத்தி சுமார் 30 சதவீதம் கூடியது. 'கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்தாலே மனிதர்கள் நன்றாக உழைப்பார்கள்' என்ற முடிவு பாடநூல்களில் ஏறிவிட்டது.

பலரும் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அந்த ஐந்து பேரில் இருவரை, பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்று வழியிலேயே மாற்றிவிட்டார்கள். கூலி கணக்கிடும் முறையும் இவர்களுக்கென்று மாற்றப்பட்டது. விளக்குச் சோதனையின் பழைய குறிப்புகளைப் பொருளியலாளர்கள் ஸ்டீவன் லெவிட்டும் ஜான் லிஸ்டும் 2011இல் மறுபடி அலசியபோது, கதையில் வருகிற அளவுக்கு விளைவு அதில் இல்லை என்று கண்டார்கள். வெறும் கவனிப்பு மட்டும் போதாது என்பதற்கு இந்தச் சோதனையே சான்று.

அதிகம் செய்தால் தோளில் ஒரு குத்து

அதே ஹாதோர்னில் 1931-32இல் வயரிங் வேலை செய்த 14 ஆண்களைக் கவனித்தார்கள். அதிகம் முடித்தால் குழுவுக்கே கூடுதல் கூலி. ஆனாலும் அவர்கள் 'ஒரு நாளைக்கு இவ்வளவுதான்' என்று தங்களுக்குள் ஓர் அளவு வைத்திருந்தார்கள். அதைத் தாண்டினால் கேலி, தோளில் ஒரு குத்து. குறைவாகச் செய்து மற்றவர் தலையில் சுமத்தினாலும் அதே கதி. அது பெருமந்தக் காலம். அதிகம் செய்து காட்டினால் ரேட்டைக் குறைப்பார்கள், ஆளைக் குறைப்பார்கள் என்ற பயம் அவர்களுக்கு. முதலாளி கண்ணுக்கு அது சோம்பேறித்தனம். அவர்களுக்கோ அது ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொள்ளும் வழி.

மாஸ்லோ வரையாத பிரமிடு

மேலாண்மை வகுப்பு எதில் உட்கார்ந்தாலும் மாஸ்லோவின் பிரமிடு வந்துவிடும். அடியில் சோறும் தூக்கமும், உச்சியில் தன்னை நிறைவாக்கிக்கொள்ளுதல். ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் எழுதிய மூலக் கட்டுரையில் பிரமிடு எதுவும் கிடையாது. 1960இல் ஒரு நிர்வாக ஆலோசகர் எழுதிய கட்டுரையில்தான் அந்த முக்கோணம் இடம்பெற்றது. கீழ்த் தேவை முழுதும் நிறைந்த பிறகுதான் மேல் தேவை பிறக்கும் என்றும் மாஸ்லோ சொல்லவில்லை. அரை வயிற்றுக்காரருக்கும் மரியாதை வேண்டும். மாஸ்லோவின் கட்டுரையில் அதற்கு இடம் இருக்கிறது.

குறை தீர்ந்தால் நிறைவு வந்துவிடுமா?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்கர்களையும் கேட்டு, 1959இல் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் ஒரு நூல் வெளியிட்டார். வேலை எப்போது கசந்தது என்று கேட்டால் நிர்வாக விதிகள், மேலதிகாரியின் கெடுபிடி, சம்பளம் என்று பதில் வந்தது. எப்போது இனித்தது என்று கேட்டால் சாதித்தது, பாராட்டு, வேலையின் சுவை, பொறுப்பு என்றார்கள். கசக்க வைப்பவை ஒரு பட்டியல், இனிக்க வைப்பவை வேறு பட்டியல். கேன்டீனைச் சரிசெய்தால் முணுமுணுப்பு குறையும். வேலையில் ஈடுபாடு வர, வேலையையே சரிசெய்ய வேண்டும்.

தையல் இலையும் தலைக்கு மேல் கடனும்

ஒடிசாவில் இலைகளைத் தைத்துச் சாப்பாட்டுத் தட்டு செய்யும் தொழிலாளர்களிடம் பொருளியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். எல்லாருக்கும் ஒரே பீஸ் ரேட். மொத்தக் கூலியும் ஒன்றேதான். ஒரு பகுதியினருக்கு மட்டும் அதில் ஒரு பங்கை முன்னதாகவே கொடுத்தார்கள். கையில் பணம் வந்ததும் அவர்களில் பலர் பாக்கியையும் கடனையும் அடைத்தார்கள். அடுத்த நாட்களில் அவர்கள் செய்த இலைகளின் எண்ணிக்கை கூடியது, தவறுகள் குறைந்தன. அவர்களிலும் மிக வறியவர்களிடம் இந்த முன்னேற்றம் இன்னும் அதிகம். கூலி ஒரு ரூபாய்கூட ஏறவில்லை என்பதைக் கவனியுங்கள். கடன்காரன் வாசலில் நிற்பானோ என்ற கவலை போனதும் கை வேகமானது. சம்பளத்தை ஐந்து நாள் தள்ளிப்போடும் முதலாளி, அந்த ஐந்து நாள் உழைப்பின் தரத்தையும் சேர்த்தே இழக்கிறார்.

பக்கத்து ஆளின் கூலி

இதுவும் ஒடிசாவில்தான். 378 தொழிலாளர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து ஒரு மாதம் வேலை கொடுத்தார்கள். சில குழுக்களில் எல்லாருக்கும் ஒரே கூலி. சிலவற்றில் ஆளுக்கு ஆள் கூலி கொஞ்சம் வேறுபட்டது. தான் வாங்குகிற தொகை அதேதான் என்றாலும், பக்கத்தில் இருப்பவர் அதிகம் வாங்குகிறார் என்று தெரிந்தவர்களின் உற்பத்தி விழுந்தது. கூலி போனாலும் பரவாயில்லை என்று சிலர் வேலைக்கு வராமலே இருந்தார்கள்.

ஆனால் ஓர் இடத்தில் இந்தக் கசப்பு வரவில்லை. அதிகம் வாங்குபவர் உண்மையிலேயே அதிகம் செய்கிறார் என்று எல்லார் கண்ணுக்கும் தெளிவாகத் தெரிந்த குழுக்களில் வேலை பாதிக்கப்படவில்லை. கூலியில் வித்தியாசம் இருப்பதை மனிதர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், காரணம் தெரிந்தால். காரணம் சொல்லாத வித்தியாசம்தான் மனதை அறுக்கிறது.

கூலியைக் குறைத்தபோது

அமெரிக்க நிறுவனம் ஒன்று பெரிய ஆர்டர்களை இழந்ததால் இரண்டு ஆலைகளில் பத்து வாரங்களுக்குக் கூலியில் 15 சதவீதம் வெட்டியது. ஓர் ஆலையில் மேலதிகாரி நேரில் வந்து கணக்கைக் காட்டினார், வருத்தம் தெரிவித்தார், கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். இன்னோர் ஆலையில் சுருக்கமாக அறிவித்துவிட்டுப் போனார்கள். ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990இல் வெளியிட்ட ஆய்வு இது. இரண்டு ஆலையிலும் பொருள் திருட்டு கூடியது. ஆனால் சுருக்கமாக அறிவித்த ஆலையில் கூடிய அளவு மிக அதிகம். வெட்டு இரண்டு இடத்திலும் அதே 15 சதவீதம். மனிதராக மதித்து விளக்கிச் சொன்னது ஒன்றுதான் வித்தியாசம்.

மதுரைப் பக்கம் ஒரு சோதனை

பரிசைக் கூட்டக் கூட உழைப்பு கூடிக்கொண்டே போகுமா? இதற்கு விடை தேடி ஓர் ஆய்வுக் குழு மதுரை வட்டாரக் கிராமங்களுக்கு வந்தது. ஞாபகசக்தி, கைநேர்த்தி, கவனம் ஆகியவற்றைச் சோதிக்கும் ஆறு விளையாட்டுகள். ஒவ்வொன்றிலும் நன்றாகச் செய்தால் சிலருக்கு 4 ரூபாய், சிலருக்கு 40 ரூபாய், சிலருக்கு 400 ரூபாய். ஆறிலும் ஜெயித்தால் கடைசிப் பிரிவினருக்கு 2,400 ரூபாய் வரை கிடைக்கும். அப்போது அந்த வட்டாரத்தில் ஒருவருடைய சராசரி ஆண்டுச் செலவில் ஏறக்குறைய பாதி அது.

2009இல் முடிவு வெளியானது. 4 ரூபாய்க்காரர்களுக்கும் 40 ரூபாய்க்காரர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 400 ரூபாய்க்காரர்கள்தான் எல்லாரையும்விட மோசமாகச் செய்தார்கள். அவ்வளவு பணம் கண்முன்னே இருந்ததால் பதற்றம் பிடித்துக்கொண்டது. ஓட்டத்திலும் சுமையிலும் பரிசு வேகத்தைத் தரலாம். நிதானமும் நுட்பமும் வேண்டிய வேலையில் அளவுக்கு மீறிய பரிசு கையை நடுங்க வைக்கிறது.

கலர் பேனாவும் தங்க நட்சத்திரமும்

1973இல் வெளியான ஓர் ஆய்வு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில், ஸ்கெட்ச் பேனாவால் ஆசையாக வரையும் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 'வரைந்தால் தங்க நட்சத்திரம் வைத்த சான்றிதழ் தருவோம்' என்று ஒரு பிரிவிடம் முன்கூட்டியே சொன்னார்கள். ஒரு பிரிவுக்குச் சொல்லாமல், வரைந்த பின் கொடுத்தார்கள். மற்றொரு பிரிவுக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரங்கள் கழித்துப் பார்த்தால், பரிசு பேசி வரைந்த குழந்தைகள் மற்றவர்களைப் போல் பாதி நேரம்தான் பேனாவைத் தொட்டார்கள். சொல்லாமல் பரிசு கொடுத்த பிள்ளைகளின் ஆசை குறையவே இல்லை. பிடித்துச் செய்கிற வேலைக்கு நிபந்தனை போட்டுப் பரிசு வைத்தால், பிடித்தம் போய்ப் பேரம் மிஞ்சுகிறது.

அபராதம் போட்டதும் தாமதம் கூடியது

இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்கள் பத்து. பிள்ளையை அழைத்துப்போகப் பெற்றோர் தாமதமாக வந்ததால் ஆசிரியைகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அவற்றில் ஆறில், 10 நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் 10 ஷெக்கல் அபராதம் என்று அறிவித்தார்கள். தாமதமாக வருவோர் எண்ணிக்கை ஏறக்குறைய இரு மடங்கானது. முன்பு, டீச்சர் காத்திருப்பாரே என்ற சங்கடம் இருந்தது. காசு கொடுத்ததும் சங்கடம் தீர்ந்துவிட்டது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய ஒழுங்கு திரும்பவில்லை. லேட்டாக வந்தால் சம்பளத்தில் பிடிக்கும் அலுவலகங்கள் இதை யோசிக்கலாம்.

உதய்பூரில் ஒரு கேமரா

அதற்காக ஊக்கத்தொகையே வீண் என்று முடிவு கட்டிவிட முடியாது. ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டத்தில் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய ஓராசிரியர் பள்ளிகளில் ஆசிரியர் வராத நாட்கள் அதிகம். தேதியும் நேரமும் பதியும் கேமராவைக் கொடுத்து, பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் பிள்ளைகளோடு ஆசிரியர் நிற்கும் படத்தை ஒரு மாணவரை எடுக்கச் சொன்னார்கள். வந்த நாளுக்கேற்பச் சம்பளம். ஆசிரியர் வராத நாட்கள் 42 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாகக் குறைந்தன. எதற்குப் பணம் என்பது தெளிவாகவும், அளவு யாரும் குறை சொல்ல முடியாததாகவும் இருந்ததால் அது வேலை செய்தது.

பீஸ் ரேட் கொண்டுவந்தது எதை?

கார்க் கண்ணாடி மாற்றும் சேஃப்லைட் என்ற அமெரிக்க நிறுவனம் 1990களில் மணிக்கணக்குக் கூலியிலிருந்து பீஸ் ரேட்டுக்கு மாறியது. தலைக்கு உற்பத்தி 44 சதவீதம் உயர்ந்தது. அதில் பாதிதான் ஏற்கெனவே இருந்தவர்கள் வேகமாகச் செய்ததால் வந்தது. மீதிக்குப் பெரும்பாலும் காரணம், வேகமான ஆட்கள் அங்கே வேலைக்கு வந்து தங்கியது. எட்வர்ட் லேஸியரின் இந்த ஆய்வு 2000இல் வெளியானது. ஒரு கண்ணாடி, ஒரு வண்டி என்று எண்ணக்கூடிய வேலை அது. தரத்தை எண்ண முடியாத வேலையில் இதே மருந்து நோயைக் கூட்டும்.

சம்பள நாள் நெருங்கினால்

மைசூரில் கணினியில் தகவல் பதிவு செய்யும் ஊழியர்களிடம் நடந்த ஆய்வில், சம்பள நாள் நெருங்க நெருங்கப் பதிவு கூடியது. இன்னொரு வியப்பும் உண்டு. 'இந்த இலக்கை எட்டாவிட்டால் உங்கள் கூலி குறையும், எட்டினால் வழக்கமான கூலிதான்' என்று லாபமே இல்லாத ஒப்பந்தத்தைக் கொடுத்தபோதும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட தடவை அவர்கள் அதையே கேட்டு எடுத்தார்கள். சோம்பலை எதிர்த்து மனிதர் தானே வேலி போட்டுக்கொள்ள விரும்புகிறார். நிர்வாகம் செய்ய வேண்டியது அதற்கு உதவுவது.

ஐந்து நிமிடச் சந்திப்பு

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், பழைய மாணவர்களுக்குப் போன் போட்டு நன்கொடை கேட்கும் கால்சென்டர் ஒன்று இருந்தது. திட்டு வாங்கி வாங்கி ஊழியர்கள் சலித்துப்போகும் வேலை. ஆடம் கிராண்ட் என்ற ஆய்வாளர், அந்த நன்கொடையால் உதவித்தொகை பெற்றுப் படிக்கும் ஒரு மாணவரை அழைத்துவந்து சிலரோடு ஐந்து நிமிடம் பேச வைத்தார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தார்கள். அவர்கள் போனில் பேசிய நேரம் 142 சதவீதமும், திரட்டிய தொகை 171 சதவீதமும் கூடியிருந்தன. சம்பளம் மாறவில்லை, பேசும் வசனமும் மாறவில்லை.

நம் உழைப்பு யாரிடம் போய்ச் சேர்கிறது என்று பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. தையல் கூடத்தில் காலர் மட்டும் தைப்பவர் முழுச் சட்டையையும் பார்ப்பதில்லை. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் சோதிப்பவர், குணமாகிப் போகிறவரைப் பார்ப்பதில்லை. பார்க்க வைக்கப் பெரிய செலவும் கிடையாது.

கண்ணெதிரே பிரித்துப் போட்டால்

இன்னொரு சோதனை: பொம்மைத் துண்டுகளைக் கோத்து உருவம் செய்ய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் காசு. ஒரு பிரிவினர் செய்தவற்றை மேசைமேல் வரிசையாக வைத்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒன்றை முடித்ததும் அடுத்ததைச் செய்யும்போதே, முந்தையதை அவர்கள் கண்ணெதிரே பிரித்துப் போட்டார்கள். கூலி ஒன்றேதான். முதல் பிரிவினர் சராசரியாக 10.6 பொம்மைகள் செய்தார்கள். இரண்டாம் பிரிவினர் 7.2ஓடு போதும் என்று எழுந்துவிட்டார்கள். ராத்திரி பகலாகத் தயாரித்த அறிக்கையைப் படிக்காமலே மூலையில் போடும் மேலதிகாரி செய்வதும் இதைத்தான்.

துடைப்பம் ஒன்று, வேலை இரண்டு

அமெரிக்க ஆஸ்பத்திரி ஒன்றின் துப்புரவுப் பணியாளர்களை ஏமி ரெஸ்நெஸ்கியும் ஜேன் டட்டனும் ஆராய்ந்து 2001இல் எழுதினார்கள். சிலர், கூட்டித் துடைப்பதுதான் என் வேலை என்றார்கள். வேறு சிலர் நோயாளியோடு நாலு வார்த்தை பேசினார்கள், வழி தெரியாமல் நிற்கும் உறவினருக்கு வழிகாட்டினார்கள், நர்சுக்குக் கைகொடுத்தார்கள். நோயாளி குணமாவதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று நம்பினார்கள். பதவியும் சம்பளமும் இருவருக்கும் ஒன்றுதான். மேலிருப்பவர்கள் அந்தப் பங்கை வாயால் ஒப்புக்கொண்டால் அப்படி நம்புபவர்கள் பெருகுவார்கள்.

மேலாளர்கள் கடைசியில் வைத்த விடை

தெரசா அமபிலே என்ற ஆய்வாளர் ஏழு நிறுவனங்களில் 238 பேரை நாள்தோறும் குறிப்பு எழுதச் சொன்னார். சுமார் 12,000 குறிப்புகள் சேர்ந்தன. நல்ல நாள் என்று அவர்கள் எழுதிய நாட்களில் பெரும்பாலானவற்றில் ஒரு பொது அம்சம் இருந்தது: வேலை ஓரடியாவது முன்னேறியிருந்தது. ஊழியர்களுக்கு ஊக்கம் தருவது எது என்று 669 மேலாளர்களைக் கேட்டபோது, முன்னேற்றத்துக்கு முதலிடம் தந்தவர்கள் 5 சதவீதம் பேர்தான். ஒரு கையெழுத்துக்காக மூன்று நாள் ஃபைல் காத்துக் கிடந்தால், காத்திருப்பவரின் மனமும் அங்கேயே நின்றுவிடுகிறது.

மூடிய ஆலையில் அதே ஆட்கள்

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை கெட்ட பெயர் எடுத்தது. எந்த நாளிலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். குடி, சண்டை, சரியாகப் பொருத்தாத கார்கள். 1982இல் ஆலையை மூடினார்கள். 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே கட்டடத்தை நும்மி என்ற பெயரில் திறந்தன. எடுத்த ஆட்களில் மிகப் பெரும்பாலோர் பழைய தொழிலாளிகளே. சங்கமும் பழைய சங்கமே.

பலரை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். சின்னச் சின்னக் குழுக்களாக வேலை பிரிந்தது. மிக முக்கியமாக, ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு கயிறு தொங்கியது. குறை கண்டால் அதை இழுக்கலாம். குழுத்தலைவர் ஓடிவருவார்; சரியாகாவிட்டால் லைனே நிற்கும். பழைய ஆலையில் எதற்காகவும் லைனை நிறுத்தக்கூடாது என்பதுதான் சட்டம். அந்தக் கட்டளையின் கீழ் குறையோடு காரை அனுப்பியவர்கள், இப்போது தாங்களே நிறுத்தினார்கள். வேலைக்கு வராதவர்கள் 2 சதவீத அளவுக்குக் குறைந்தார்கள். தரம் ஜப்பானிய ஆலைக்கு இணையாக வந்தது. 'இந்த ஆட்களை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது' என்று சொல்பவர்கள் அனைவரும் படிக்க வேண்டிய வரலாறு இது.

மாற்றத்தைச் சொல்லும் முன் கேட்டால்

வர்ஜீனியாவின் ஹார்வுட் பைஜாமா ஆலையில் வேலை முறையை மாற்ற வேண்டியிருந்தது. ஒரு குழுவுக்கு மாற்றத்தை அறிவித்தார்கள். வேறு குழுக்களோடு உட்கார்ந்து, எப்படி மாற்றலாம் என்று அவர்களையே கேட்டார்கள். அறிவிப்பு மட்டும் கேட்ட குழுவில் உற்பத்தி விழுந்தது. 40 நாட்களுக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள். முழுமையாகக் கலந்துகொண்ட குழுக்களில் ஒருவரும் போகவில்லை. உற்பத்தி பழைய அளவையும் தாண்டியது. கோக், ஃபிரெஞ்ச் ஆகியோரின் இந்த ஆய்வு 1948இல் வெளியானது.

ஆமதாபாத் தறிக்கூடம்

ஆமதாபாத் காலிகோ மில்லில் ஆட்டோமேட்டிக் தறிகள் வந்தும் எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை. 1953இல் லண்டன் டவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே.ரைஸ் வந்து பார்த்தார். ஆளுக்கொரு துண்டு வேலை; எந்தத் தறிக்கு யார் பொறுப்பு என்பதே தெளிவில்லை. ஒரு சிறு குழு, சில தறிகள், முழுப் பொறுப்பு என்ற யோசனையைச் சொன்னதும், தொழிலாளர்கள் தாங்களே கூடிப் பேசிக் குழுக்களை அமைத்துக்கொண்டார்கள். உற்பத்தி கூடியது, துணிச் சேதம் குறைந்தது.

எட்டுப் பேர் இழுத்த கயிறு

கூட்டம் சேர்ந்தால் பலம் கூடும் என்பது எப்போதும் சரியல்ல. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மன் 1913இல் வெளியிட்ட கணக்குப்படி, எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தால் தனியாக இழுப்பதில் பாதியளவு பலம்தான் ஒவ்வொருவரிடமிருந்தும் வருகிறது. தன் பங்கு தனியாகத் தெரியும் என்றால் இந்தத் தளர்ச்சி பெரிதும் குறைகிறது என்று பின்வந்த சோதனைகள் காட்டின. குழுவுக்குக் கைதட்டும்போது, அதில் யார் எதைச் செய்தார் என்றும் சொல்லுங்கள்.

இலக்கின் இரண்டு முகம்

அமெரிக்க மர நிறுவனம் ஒன்றின் லாரி ஓட்டுநர்கள் சட்டம் அனுமதித்த எடையில் 60 சதவீதம் அளவே ஏற்றிவந்தார்கள். 'முடிந்தவரை ஏற்றுங்கள்' என்று சொல்லிப் பயனில்லை. 94 சதவீதம் என்று தெளிவாக இலக்கு சொன்னதும், கூடுதல் காசு இல்லாமலே 90 சதவீதத்தைத் தாண்டினார்கள்.

அதே இலக்கு முறை, வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் வேறுவிதமாகப் போனது. ஒவ்வொரு வாடிக்கையாளர் தலையிலும் எட்டுக் கணக்குகளைக் கட்டு என்ற நெருக்கடி. ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016இல் 18.5 கோடி டாலர் அபராதம். சுமார் 5,300 பேர் வேலையிழந்தார்கள். நேர்மையாக எட்ட முடியாத இலக்கை வைத்துவிட்டு, நேர்மை இல்லை என்று ஆளைக் குறை சொல்வது நியாயமில்லை.

முடிதிருத்தகத்தில் நட்சத்திரம்

ஜாம்பியாவின் லுசாகாவில் முடிதிருத்துநர்களைக் கொண்டு எச்.ஐ.வி. தடுப்புக்கான பெண்ணுறைகளை விற்கச் செய்தார்கள். சிலருக்கு அதிகக் கமிஷன், சிலருக்குக் குறைந்த கமிஷன். சிலருக்கு, விற்க விற்கக் கடையில் மாட்டிய அட்டையில் ஒட்ட நட்சத்திரங்கள் மட்டும். நட்சத்திரக்காரர்களே மற்றவர்களைப் போல் இரு மடங்கு விற்றார்கள். ஊருக்கு நல்லது செய்கிறார் என்று வருகிறவர் போகிறவர் பார்த்த பெருமை அது.

தவறைச் சொல்லும் வார்டு

நன்றாக இயங்கும் நர்சுகள் குழுவில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று நினைத்து ஏமி எட்மண்ட்சன் ஆராய்ந்தார். நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன! காரணம், அங்கே தவறை மறைக்கத் தேவையிருக்கவில்லை. சொன்னால் திட்டு விழாது, சரிசெய்வார்கள் என்ற நம்பிக்கை. மற்ற இடங்களில் தவறு நடந்தது, வெளியே வரவில்லை. 'எங்கள் ஆபீசில் பிரச்சினையே இல்லை' என்று ஒரு மேலாளர் சொன்னால், பயம் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கட்டுப்பாடு இல்லாத வேலையும் இதயமும்

லண்டன் அரசு ஊழியர்கள் 10,308 பேரை 1985 முதல் மைக்கேல் மார்மட் தொடங்கிய ஆய்வுக் குழு தொடர்ந்து கவனித்துவருகிறது. பதவி தாழத் தாழ இதயநோய் ஏறுகிறது. புகை, கொழுப்பு ஆகியவை மட்டும் இதற்கு முழுக் காரணம் அல்ல. எதை எப்போது எப்படிச் செய்வது என்பதில் தனக்குச் சொல் இல்லாத வேலையும் ஒரு முக்கியக் காரணம்.

சென்னையில் மதியத் தூக்கம்

சென்னையில் குறைந்த வருமானக்காரர்கள் 452 பேரிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. அவர்கள் இரவில் படுக்கையில் எட்டு மணி நேரம் கிடந்தாலும் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். வெக்கை, கொசு, சத்தம். இரவுத் தூக்கத்தை சுமார் அரை மணி கூட்டியும் வேலையில் மாற்றம் இல்லை. வேலையிடத்தில் அமைதியான சூழலில் மதியம் அரை மணி தூங்கவிட்டபோது கவனமும் மனநிலையும் தேறின, மணிக்கணக்கு உற்பத்தி கூடியது. நாற்காலியில் கண் அசந்தவரைச் சோம்பேறி என்னுமுன் அவர் வீட்டு இரவை நினைத்துப் பாருங்கள்.

பொறுப்பில் இருப்பவர்களுக்கு

இவற்றில் எதுவும் கூலிக்கு மாற்று இல்லை. நியாயமான சம்பளம், உரிய தேதியில். அதைக் கொடுக்காமல் ஊக்கம் பற்றிப் பேச எவருக்கும் உரிமை கிடையாது. அதைக் கொடுத்த பிறகும் ஒருவர் சுணங்கினால், மெமோ அடிக்கும் முன் சிலவற்றைப் பாருங்கள். அவர் வேலை யாருக்குப் பயன்படுகிறது என்று அவருக்குத் தெரியுமா? குறை கண்டால் நிறுத்தும் உரிமை அவருக்கு உண்டா? பக்கத்து ஆளுக்கு ஏன் கூடுதல் சம்பளம் என்று யாராவது விளக்கினார்களா? அவர் கடைசியாகச் செய்து கொடுத்ததை முழுதாகப் படித்தீர்களா? இவற்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்று விடை வந்தாலும், திருத்தத்தை அங்கிருந்து தொடங்குங்கள். ஃப்ரீமான்ட் ஆட்களால் முடிந்தது உங்கள் ஆட்களாலும் முடியும்.